மூன்று நாள் சம்பளமும் ஒரு முட்டைப் பந்தும்

"ஜெயிக்கவா போற? அப்புறம் எதுக்குடா மூணு நாள் லீவு?"

என் தம்பியிடம் இப்படிக் கேட்டது வேறு யாருமில்லை, நான்தான். கேட்டது 2025 ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ரக்பி பிரீமியர் லீக் ஃபைனல். வேளச்சேரி விஜயநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வாடகை வீட்டில், ஒரே மொபைலைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு அவனும் நானும் பார்த்தோம். மும்பையில் நடந்த அந்த ஃபைனலில் சென்னை புல்ஸ் அணி டெல்லி ரெட்ஸை 41-0 என்று சுருட்டிவிட்டது. தம்பி கட்டிலில் ஏறிக் குதித்தான். "ஓனர் மேல வரப்போறார்டா" என்று அம்மா அதட்டினார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவன் விஷயத்தை எடுத்தான். அடுத்த வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மாவட்ட ரக்பி அணிக்கான தேர்வு. நந்தனம் பக்கம் ஒரு மைதானத்தில். அவன் போக வேண்டும்.

தம்பி இங்கே பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். ஆப்பில் நாம் ஆர்டர் போட்டதும் பத்து நிமிடத்தில் பாலும் தக்காளியும் வருகிறதே, அதைப் பையில் போட்டுக் கட்டிக் கொடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு 700 ரூபாய். மாதம் முழுக்க விடுப்பு எடுக்காமல் வந்தால் 2,000 ரூபாய் ஊக்கத்தொகை. மூன்று நாள் போகாவிட்டால் 2,100 ரூபாய் சம்பளமும் அந்த 2,000 ரூபாயும் சேர்ந்து போகும். மொத்தம் 4,100 ரூபாய்.

எங்கள் வீட்டில் அப்பா இல்லை. அம்மா பிளவுஸ் தைக்கிறார். நான் ஒரு பத்திரிகையின் டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கிறேன். மூன்று பேர் வருமானத்தில்தான் வாடகை, கரன்ட் பில், தையல் மெஷின் தவணை எல்லாம் ஓடுகின்றன. 4,100 ரூபாய் என்றால் என் மனசு உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அந்தக் கணக்கில்தான் அந்தக் கேள்வி வந்தது. "ஜெயிக்கவா போற?"

அவன் பதில் சொல்லவில்லை. மொபைலை எடுத்துச் சார்ஜில் போட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

தப்பாக வந்த பட்டியல்

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஷிஃப்ட். டெஸ்க் ஹெட் மேடம் சொன்னார், "சென்னை ஜெயிச்சிருக்கு. ரக்பின்னா என்னன்னே நிறைய பேருக்குத் தெரியலை. இந்த லீக் பத்தி, இதுவரைக்கும் நடந்த மேட்ச் எல்லாம் சேர்த்து ஒரு எக்ஸ்பிளெய்னர் போட்டுடும்மா. மதியத்துக்குள்ள வேணும்."

நான் "ரக்பி லீக், மேட்ச் வரலாறு" என்று தேடினேன். நியூசிலாந்து நாட்டு அணி இத்தனை வருடங்களில் யாருடன் ஆடியது, எங்கே ஆடியது, என்ன ஸ்கோர் என்று நீளமாக ஒரு பட்டியல் வந்து நின்றது. முதல் வரியிலேயே குழப்பம். தேதி 1908, ஜனவரி 1. 'என்னடா இது, நம்ம லீக் இந்த மாசம்தானே ஆரம்பிச்சது?' என்று விழித்தேன்.

பிறகுதான் புரிந்தது. 'ரக்பி பிரீமியர் லீக்' வேறு, 'ரக்பி லீக்' வேறு. முதலாவது, ஐ.பி.எல். மாதிரி ஒரு போட்டித் தொடரின் பெயர். இரண்டாவது, ஒரு விளையாட்டின் பெயரே அதுதான். ஒரே முட்டை வடிவப் பந்தில் இரண்டு தனித்தனி விளையாட்டுகள் இருக்கின்றன. ஒன்று ரக்பி யூனியன். ஒரு பக்கத்துக்கு 15 பேர். மும்பையில் நடந்தது அதன் குட்டி வடிவம், பக்கத்துக்கு 7 பேர். இன்னொன்று ரக்பி லீக். அதில் 13 பேர்.

இரண்டிலும் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரணிக் கோட்டைத் தாண்டி ஓடித் தரையில் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் 'ட்ரை'. கையால் முன்பக்கம் பாஸ் செய்யக் கூடாது, பக்கவாட்டிலோ பின்பக்கமோதான் கொடுக்கலாம். எதிரணிக்காரர்கள் மேலே விழுந்து பிடித்து நிறுத்துவார்கள்.

லீக்கில் ஒருவர் பிடிபட்டுவிட்டால் எல்லோரும் மேலே குவிந்து பந்துக்கு அடித்துக்கொள்வதில்லை. பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னால் உருட்டிவிட வேண்டும். மறுபடி ஆட்டம் தொடரும். ஆறு முறை பிடிபடுவதற்குள் காரியத்தை முடிக்காவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒரே மூச்சில் தொட்டுவிட்டு வரவேண்டிய நம் சடுகுடு ரைடரை நினைத்துக்கொள்ளுங்கள், ஓரளவு பிடிபட்டுவிடும்.

தம்பிகூட கபடியில் இருந்து வந்தவன்தான். கல்லூரியில் பி.டி. சார் ஒருநாள் கபடி அணியைக் கூப்பிட்டு, "உங்களுக்குத்தான் ஆளைப் பிடிக்கத் தெரியும், இதையும் ஆடிப் பாருங்கடா" என்று ஒரு ரக்பி பந்தைக் கொடுத்தாராம். அன்றிலிருந்து அவனுக்கு அந்தப் பந்துதான் எல்லாம்.

சரி, இரண்டு விளையாட்டு ஏன் வந்தது? மதியத்துக்குள் கட்டுரை கொடுக்க வேண்டிய நான், அந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் அதற்கான பதில், முந்தின நாள் ராத்திரி எங்கள் வீட்டில் நடந்த அதே சண்டை.

ஆறு ஷில்லிங் தகராறு

19-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் தென்பகுதியில் ரக்பி ஆடியவர்களில் நிறைய பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். பெரிய பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். வடக்கில் கதை வேறு. யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்திலும் நூற்பாலைகளிலும் வேலை செய்தவர்கள் ஆடினார்கள். அவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு. மேட்ச் ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும்.

"ஆடுவதற்குச் சம்பளம் வேண்டாம். ஆடப் போனதால் இழந்த கூலியை மட்டும் கொடுங்கள்" என்று வடக்கத்திய கிளப்புகள் கேட்டன. 'உடைந்த நேரத்துக்கான கூலி' என்பது மாதிரி அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். 1893-ல் லண்டனில் நடந்த ரக்பி சங்கக் கூட்டத்தில் இது ஓட்டுக்கு வந்தது. ஆதரவாக 136 ஓட்டு, எதிராக 282. தோற்றுப்போனது. காசு வாங்கி ஆடினால் விளையாட்டின் புனிதம் கெட்டுவிடும் என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

இரண்டு வருடம் கழித்து, 1895 ஆகஸ்ட் 29-ம் தேதி, ஹட்டர்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, வடக்கத்திய கிளப்புகள் தனியாகப் பிரிந்துபோயின. 'நார்தர்ன் யூனியன்' என்று பெயர் வைத்துக்கொண்டன. வேலைக்குப் போகாத நாளுக்கு அதிகபட்சம் ஆறு ஷில்லிங் தரலாம் என்று முடிவு செய்தார்கள். பிறகு விதிகளையும் மாற்றிக்கொண்டே போய், 1906-ல் ஆட்டக்காரர்களை 13 ஆகக் குறைத்தார்கள். அந்த ஆட்டம்தான் இன்றைய ரக்பி லீக்.

அதாவது, ஒரு விளையாட்டு இரண்டாக உடைந்ததற்குக் காரணம் ஒரு நாள் கூலி. இதைப் படித்துவிட்டு ஆபீஸ் கேன்டீனில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். 1893-ல் எதிர்த்து ஓட்டுப் போட்ட 282 பேரில் ஒருத்தியாக என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

தபால் ஆபீஸ் கிளார்க்கும் கொழும்பு மேட்ச்சும்

இனி அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். நியூசிலாந்து எப்படி இந்த ஆட்டத்துக்குள் வந்தது?

ஆல்பர்ட் பாஸ்கர்வில் என்று ஒரு இளைஞர். வெலிங்டன் நகரில் தபால் துறையில் கிளார்க். ரக்பி ஆடுவார், ரக்பியைப் பற்றிப் புத்தகமும் எழுதியவர். இங்கிலாந்தில் இந்தப் புது ஆட்டத்துக்குக் கூட்டம் அள்ளுகிறது என்று கேள்விப்பட்டு, நியூசிலாந்தில் இருந்து ஓர் அணியைக் கூட்டிக்கொண்டு போகத் திட்டம் போட்டார். அவருக்கு உள்ளூர் ரக்பி சங்கம் ஆயுள் தடை விதித்தது. அவர் விடவில்லை. வந்த ஆட்டக்காரர்கள் ஆளுக்கு 50 பவுண்டு போட்டுப் பயணச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். லாபம் வந்தால் பங்கு. நஷ்டம் வந்தாலும் பங்குதான்!

நியூசிலாந்து ரக்பி அணிக்கு 'ஆல் பிளாக்ஸ்' என்று பெயர். காசுக்காக ஆடப் போகிறவர்கள் என்று கேலி செய்து, இவர்களுக்கு சிட்னி பத்திரிகைகள் 'ஆல் கோல்ட்ஸ்' என்று பட்டம் கட்டின. கேலிப் பெயரே நிலைத்துவிட்டது.

1907-ல் கப்பல் ஏறினார்கள். சிட்னியில் மூன்று ஆட்டம் ஆடிவிட்டு, இங்கிலாந்து போகிற வழியில் கப்பல் எங்கே நின்றது தெரியுமா? நமக்குப் பக்கத்தில், கொழும்பில். கப்பலில் அடைந்து கிடந்தவர்கள் இறங்கி இலங்கை அணியோடு ஒரு மேட்ச் ஆடினார்கள். 1907 செப்டம்பரில் நடந்த அந்த ஆட்டம் பழைய ரக்பி விதிப்படிதான். நியூசிலாந்து 33, இலங்கை 6.

அந்தக் காலத்தில் இலங்கையில் ரக்பி ஆடியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், தோட்டத் துரைமார்கள். அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் நம் ஊர்களில் இருந்து போன தமிழர்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அவர்களுக்கும் கூலி கிடையாது. ஆனால் அவர்களுக்காக ஓட்டெடுப்பு நடத்த எந்தச் சங்கமும் அப்போது இல்லை.

இதில் இன்னொரு ஆச்சரியம், இந்த நியூசிலாந்துக்காரர்கள் அதுவரை அந்தப் புது ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. இங்கிலாந்து போய் இறங்கித்தான் விதிகளைக் கற்றுக்கொண்டார்கள். அப்படிக் கற்றுக்கொண்டு ஆடிய முதல் சர்வதேச ஆட்டம்தான் நான் பார்த்த பட்டியலின் முதல் வரி. 1908 ஜனவரி 1, ஆபர்டேர், வேல்ஸ் 9 - நியூசிலாந்து 8. ஒரே ஒரு புள்ளியில் தோல்வி.

பத்து நாள் கழித்து விகன் ஊரில் இங்கிலாந்தோடு மோதல். 18-16. மறுபடி தோல்வி. பிறகு நார்தர்ன் யூனியன் அணியோடு மூன்று டெஸ்ட் ஆட்டங்கள். முதல் டெஸ்ட்டில் 14-6 என்று தோற்றார்கள். வரிசையாக மூன்று தோல்வி! நம் வீட்டில் யாராவது இப்படி மூன்று முறை தோற்றால் என்ன சொல்வோம்? 'போதும்டா, ஊருக்கு வந்து சேர்' என்போம்.

அவர்கள் அடுத்த டெஸ்ட்டில் 18-6 என்று ஜெயித்தார்கள். கடைசி டெஸ்ட்டில் 8-5. தொடரே அவர்கள் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் பாஸ்கர்வில் ஊர் போய்ச் சேரவில்லை. திரும்பி வரும் வழியில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நிமோனியா காய்ச்சலில் 1908 மே மாதம் இறந்துபோனார். வயது 25. என் வயதுக்குப் பக்கத்தில். கணவரை இழந்த அவருடைய அம்மா ஊரில் இருந்தார். திரும்பி வந்த ஆட்டக்காரர்கள் அந்த அம்மாவுக்குப் பணம் திரட்டுவதற்காக ஜூன் 13-ம் தேதி வெலிங்டனில் ஒரு மேட்ச் ஆடினார்கள். நியூசிலாந்து மண்ணில் நடந்த முதல் ரக்பி லீக் ஆட்டம் அதுதான்.

சரியாக நூறு வருடம் கழித்து, 2008 நவம்பரில் ரக்பி லீக் உலகக்கோப்பை ஃபைனல். பலமான ஆஸ்திரேலியாவை 34-20 என்று நியூசிலாந்து வீழ்த்தி முதல் முறையாக உலகக்கோப்பையைத் தூக்கியது. ஃபைனல் நடந்த ஊர் பிரிஸ்பேன். பட்டியலில் இதெல்லாம் இல்லை. தேதி, ஊர், ஸ்கோர் மட்டும்தான். நடுவில் இருப்பதை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

நம்ம ரூபாய், நம்ம பொண்ணுங்க

ரக்பி நமக்குப் புதுசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் தப்பு. 1872 கிறிஸ்துமஸ் அன்றே கொல்கத்தாவில் ரக்பி ஆடியிருக்கிறார்கள். மறு வருடம் அங்கே ஒரு கிளப்பும் வந்தது. சில வருடங்களில் ஆள் குறைந்து கிளப்பை மூட வேண்டியதாகிவிட்டது. வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, அந்த 270 ரூபாயையும் உருக்கிக் கோப்பை செய்து, இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். மூடியில் யானை, கைப்பிடிகளில் நாகப்பாம்பு. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றுவரை ஆடுவது அந்த 'கல்கத்தா கோப்பை'க்காகத்தான். அவர்கள் அடித்துக்கொள்வது நம்ம ஊர் ரூபாய்க்கு!

ஆனால் இந்தியா என்ற பெயரில் ஓர் அணி சர்வதேசப் போட்டிக்குப் போனது 1998-ல்தான். அந்த அணியில் ஆடியவர்களில் ஒருவரை உங்களுக்குத் தெரியும். 'விஸ்வரூபம்' படத்தில் வில்லன் உமராக வந்து மிரட்டினாரே, ராகுல் போஸ், அவரேதான். இப்போது இந்திய ரக்பி சங்கத்தின் தலைவரும் அவர்தான். தம்பியிடம் சொன்னால் "அக்கா, இது எனக்கு எப்பவோ தெரியும்" என்பான்.

இந்தியப் பெண்கள் அணி, 15 பேர் ஆடும் முழு ஆட்டத்தில் முதல் முறையாகக் களமிறங்கியது 2018-ல், சிங்கப்பூரில். கேப்டன் வாபிஸ் பரூச்சா, புனேயைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட். ஆடிய இரண்டு ஆட்டத்திலும் தோல்வி. அந்தச் செய்தியை அப்போது நான் படித்த ஞாபகமே இல்லை. டெஸ்க்கில் இருந்திருந்தாலும் போட்டிருப்பேனா? தோற்ற செய்தியை யார் கிளிக் செய்வார்கள் என்று தள்ளி வைத்திருப்பேன்.

அடுத்த வருடம், 2019 ஜூனில், பிலிப்பைன்ஸில் அதே சிங்கப்பூரோடு மோதினார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் இந்தியாவுக்கு ஒரு பெனால்ட்டி. அதை உதைக்க வந்தவர் சுமித்ரா நாயக். ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் பிறந்தவர், புவனேஸ்வரில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான 'கிஸ்' பள்ளியில் படித்தவர். உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. இந்தியா 21, சிங்கப்பூர் 19. இந்தியப் பெண்களின் முதல் வெற்றி. கூடவே வெண்கலப் பதக்கம்.

அந்த அணியில் பீகாரின் பாட் பகுதியைச் சேர்ந்த ஸ்வீட்டி குமாரியும் இருந்தார். ஓட்டப்பந்தய வீராங்கனையாக இருந்து ரக்பிக்கு வந்தவர். பெண்கள் ரக்பிக்கான 'ஸ்க்ரம் குவீன்ஸ்' இணைய இதழ் அந்த வருடம் உலகின் சிறந்த இளம் வீராங்கனையாக அவரைத் தேர்ந்தெடுத்தது.

இரண்டே புள்ளிதான் வித்தியாசம். 2018-ல் தோற்ற கையோடு 'ஜெயிக்கவா போறோம்?' என்று இவர்கள் வீட்டோடு இருந்திருந்தால், 2019 ஜூனில் அந்தப் பந்தை உதைக்க ஆளே இருந்திருக்காது. வேல்ஸிடம் ஒரு புள்ளியில் தோற்றவர்கள் மறு கப்பலில் ஏறியிருந்தால் நான் பார்த்த பட்டியலுக்கு இரண்டாவது வரியே இருந்திருக்காது. ஜெயித்த ஆட்டங்கள் மட்டும் உள்ள பட்டியல் எந்த நாட்டுக்கும் கிடையாது.

மதியம் எக்ஸ்பிளெய்னரைக் கொடுத்தேன். '13 பேர், 15 பேர், 7 பேர் - ரக்பியில் எத்தனை வகை?' என்று தலைப்பு. மேடம் "நல்லா இருக்கும்மா" என்றார். கூலி விஷயத்தை நான் அதில் எழுதவில்லை. அது இந்தக் கட்டுரைக்காக எடுத்து வைத்தது போல.

அம்மா சொன்ன கணக்கு

சாயங்காலம் பறக்கும் ரயிலில் வேளச்சேரி வந்து இறங்கி, வீட்டுக்கு நடந்தே வந்தேன். தம்பி வேலைக்குப் போயிருந்தான். அம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தார். நான் படித்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். ஆறு ஷில்லிங் வரைக்கும் வந்ததும் அம்மா மெஷினை நிறுத்தினார்.

"உங்கப்பா ஊர்ல சடுகுடு ஆடுவாரு தெரியும்ல? பொங்கலுக்குப் பொங்கல் பக்கத்து ஊர்ல மேட்ச். ரைஸ் மில்லுல ரெண்டு நாள் கூலி போயிடும். உங்க பாட்டி திட்டித் தீர்த்துடும். தாத்தா ஒண்ணும் பேசமாட்டாரு. ஆனா உங்கப்பா மேட்சுக்குக் கிளம்புறப்ப சட்டைப் பையில ரெண்டு நாள் கூலியை வெச்சுடுவாரு."

"அப்பா ஜெயிச்சாராம்மா?"

"எங்க? ஒரு வருஷம் ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிட்டு வந்தாரு. அதுதான் நாம தண்ணி பிடிக்கிற குடம். மத்த வருஷமெல்லாம் முழங்கால்ல சிராய்ப்புதான்."

இத்தனை வருடமாக அந்தக் குடத்தில்தான் தண்ணீர் மொண்டு குடித்திருக்கிறேன். விளிம்பில் ஏதோ எழுத்து வெட்டியிருக்கும், தேய்ந்துபோயிருக்கும். கடைக்காரர் பெயர் என்று நினைத்திருந்தேன்.

ராத்திரி பதினொரு மணிக்குத் தம்பி வந்தான். சாப்பிட உட்கார்ந்தபோது 4,100 ரூபாயை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏ.டி.எம்.மில் எடுத்தது போக, கடைசி நூறு ரூபாய் அம்மா போட்டது.

"என்னக்கா இது?"

"உன் மூணு நாள் கூலி. போய் ஆடிட்டு வா."

"இல்லக்கா, நான் வரலைன்னு சொல்லிட்டேன்."

"மறுபடி வர்றேன்னு சொல்லு."

கொஞ்ச நேரம் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தான். பிறகு, "நேத்து நீ கேட்டது கரெக்ட்தான். அங்க வர்றவங்க எல்லாம் ரொம்ப நாளா ஆடுறவங்க. நான் செலக்ட் ஆக மாட்டேன்" என்றான்.

"நான் கேட்டது தப்புடா" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. வேல்ஸ், ஆபர்டேர், பாஸ்கர்வில் என்று பாடம் நடத்தலாம் என்றுதான் நினைத்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. அம்மாதான், "ரசம் ஊத்திக்கோ" என்று பேச்சை முடித்துவைத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த 4,100 ரூபாய் வானத்தில் இருந்து வரவில்லை. அந்த மாதம் நான் வாங்க வேண்டிய செருப்பை வாங்கவில்லை, மெஷின் தவணை பத்து நாள் தள்ளிப்போனது. எல்லா வீட்டிலும் இப்படி எடுத்து வைக்க முடியாது என்பதும் தெரியும். ஒவ்வொரு முறையும் எங்களாலும் முடியாது. 'கஷ்டப்பட்டால் ஜெயிக்கலாம்' என்று நாங்கள் எழுதுகிற வெற்றிக் கதைகளில் இந்தக் கணக்கு வருவதே இல்லை. மைதானத்துக்குப் போன நாளின் சம்பளத்தை யார் கொடுத்தார்கள் என்று இனிமேல் பேட்டியில் கேட்கப் போகிறேன். அம்மாவா, அக்காவா, பி.டி. சாரா, கடன் கொடுத்த நண்பனா? யாரோ ஒருவர் கொடுத்திருப்பார். இல்லை, யாரும் கொடுக்காமல் அந்த வீடு பட்டினி கிடந்திருக்கும்.

26-5

வெள்ளி, சனி அவன் போனான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வார விடுமுறை. நானும் நந்தனம் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வந்தவர்களை நான்கு அணியாகப் பிரித்து, பக்கத்துக்கு ஏழு பேராக ஆடவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். இளநீர்க்காரர் ஒருவரும் வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பியின் அணி தோற்றது. 26-5. அந்த ஐந்து புள்ளி, கடைசி இரண்டு நிமிடத்தில் தம்பி போட்ட ட்ரை. ஒருத்தர் இடுப்பைப் பிடிக்க, இன்னொருத்தர் காலைப் பிடிக்க, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தான். நான் கத்திய கத்தலில் இளநீர்க்காரர் திரும்பிப் பார்த்தார். "தம்பியாம்மா?" என்றார். "ஆமாண்ணே" என்றேன்.

சாயங்காலம் பட்டியல் படித்தார்கள். அதில் அவன் பெயர் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். கிண்டி தாண்டும் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. முழங்காலில் மண் ஒட்டியிருந்தது, கொஞ்சம் ரத்தமும். விஜயநகரில் இறங்கும்போது கேட்டான், "அக்கா, அந்த ட்ரையைப் பார்த்தியா?"

"பார்த்தேன்டா."

"சூப்பரா இருந்துச்சுல்ல?"

"ரொம்ப."

வீட்டுக்கு வந்ததும் அம்மா பழைய குடத்தில் இருந்து ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். ஸ்கோர் என்ன என்று கேட்டார். தம்பி சொன்னான். அம்மா துணிக்கு அளவெடுத்துக் குறித்து வைக்கிற நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, '26-5' என்று எழுதினார்.

"தோத்ததை எதுக்கும்மா எழுதுற?" என்றான் தம்பி.

"அடுத்ததுக்குக் கீழ இடம் விட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா மறுபடி மெஷினில் உட்கார்ந்தார்.